போன் திடீரென அலறினால்…

2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் பல செல்போன்கள் ஒரே நேரத்தில் அலறின. அது ‘செல் பிராட்காஸ்ட்’ பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனை. கர்நாடக அணைகளின் உபரிநீர் ஒகேனக்கல்லில் பெருக்கெடுத்து, பரிசல் ஓட்டம் நிறுத்தப்படும் நாட்களில் இத்தகைய எச்சரிக்கை கைகொடுக்கும்.

● இதற்கு போன் நம்பர் தேவையில்லை. டவர் தன் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கெல்லாம் செய்தியைப் பரப்பும். ஒகேனக்கல்லுக்கு வந்த வெளியூர்க்காரருக்கும் வரும். டேட்டா தீர்ந்திருந்தாலும் வரும்.

● ஒவ்வொரு செய்திக்கும் வகை எண், வரிசை எண் என இரண்டு உண்டு. டவர் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பினாலும், எண்களை ஒப்பிட்டு போன் ஒருமுறைதான் காட்டும். செய்தி திருத்தப்பட்டால் வரிசை எண் மாறும், போன் மீண்டும் ஒலிக்கும். எனவே இரண்டாவது முறை ஒலித்தால், பழையதுதானே என்று தள்ளிவிடாமல் படிக்கவும்.

● ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் ‘வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ்’ என்று தேடி, ஆன் செய்யப்பட்டிருக்கிறதா எனப் பார்க்கவும்.

● ஏரோபிளேன் மோடில் இருந்தாலோ, காட்டுப் பாதையில் சிக்னல் இல்லாவிட்டாலோ எச்சரிக்கை வராது.

● ஓடிபி, வங்கி விவரம் கேட்கும் செய்தி போலியானது.

● சந்தேகம் இருந்தால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையை 1077 எண்ணில் அழைக்கலாம்.