கறையைத் தொடுமுன் கல்லைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்கூடாய் வீட்டில் பளிங்கு மேடையைக் கெடுத்துவிட்டேன், இந்தத் தொழிலே வேண்டாம் என்று எழுதியிருந்தாய். விட்டுவிடாதே. நானும் அப்படிக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

மாசாயில் ஒரு வீடு. வெள்ளைப் பளிங்கு மேடையில் தம்ளர் வைத்தாற்போல மங்கலாக ஒரு வளையம். கழிப்பறை கழுவும் அமிலத்தைத் தொட்டுத் தேய்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துச் சொரசொரத்துப் போனது. அந்த வீட்டு அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அந்த வளையம் கறையே அல்ல. பளிங்கு சுண்ணாம்பின் உறவு, கால்சியம் கார்பனேட். கஸ்தூரி எலுமிச்சை, புளி, வினிகர் எது பட்டாலும் அரித்துவிடும். கறை என்றால் கல்லுக்குள் ஏறிய நிறம். இதுவோ கல்லே கரைந்த காயம். கைவிளக்கைத் தாழ்த்திப் பிடித்துப் பக்கவாட்டில் பார். நிறம் அப்படியே இருந்து பளபளப்பு மட்டும் போயிருந்தால், அதற்கு மெருகேற்றுவது ஒன்றே வழி.

கிரானைட் புளிக்கு அசையாது, ஆனால் எண்ணெயைக் குடிக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். சில நிமிடத்தில் அந்த இடம் கருத்தால் கல் குடிக்கிறது என்று பொருள். 'காஷ்மீர் ஒயிட்' என்று விற்கும் கல் மதுரைப் பக்கத்தில் வெட்டி எடுப்பது. அதிலுள்ள சிவப்புப் புள்ளிகள் கார்னெட் மணிகள், கல்லின் பிறவி மச்சம். அதையும் எடுத்துத் தரச் சொல்வார்கள். பொறுமையாக விளக்கிச் சொல்.

எண்ணெய்க் கறையைத் தேய்க்காதே, உறிஞ்சி எடு. சமையல் சோடாவைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து, கால் அங்குலக் கனத்தில் பூசு. பிளாஸ்டிக் தாளால் மூடி 24 மணி நேரம் விடு. பிறகு தாளை எடுத்துத் தானாகக் காயவிடு. காயும்போதுதான் பூச்சு எண்ணெயை மேலே இழுக்கும். நம் ஜொகூர் ஈரக்காற்றில், அதுவும் ஆண்டிறுதி மழையில், காய நாளாகும். அவசரப்பட்டுச் சுரண்டாதே. ஒருமுறையில் போகாவிட்டால் மறுபடி பூசு.

மஞ்சள் கறைக்கு மட்டும் சோடா வேண்டாம். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்ந்ததும் மஞ்சள் சிவக்கிறதே, சோடாவின் காரத்திலும் அப்படிச் சிவக்கும். வெளிர் கல்லென்றால் ஹைட்ரஜன் பெராக்சைடில் வெண்களிமண் குழைத்துப் பூசு. கருநிறக் கல்லில் வைக்காதே, கல்லும் வெளுக்கலாம். ஜன்னலோர மேடையாக இருந்தால் வெயிலுக்கு விட்டுவிடு. கொடியில் காயும் துணியின் மஞ்சள் மங்குவதைப் பார்த்திருப்பாய்.

எதை வைப்பதானாலும் முதலில் கண்படாத மூலையில் வைத்துப் பார். ப்ளீச்சோடு அமிலத்தைச் சேர்க்கவே சேர்க்காதே. கிளம்பும் குளோரின் வாயு நெஞ்சை அடைக்கும். அடுக்குமாடி வீட்டின் சின்னச் சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து.

மாசாய் வீட்டுக்கு நான் மறுபடியும் போனேன். செய்த தவற்றைச் சொல்லி, கூலி வாங்காமல் மெருகேற்றிக் கொடுத்தேன். நீயும் ஸ்கூடாய்க்குப் போய் உண்மையைச் சொல். சனிக்கிழமை மெருகுத்தூளோடு நானும் வருகிறேன். தேய்ப்பது நீ, விளக்குப் பிடிப்பது நான்.

அன்புடன்,
உன் அண்ணன்