அஞ்சிய ஆவி

பேய்க்கதைகளில் அச்சுறுத்துவது பேயின் தொழில். அஞ்சுவது மனிதர் தொழில். இம்மரபைத் தலைகீழாக்கி, 1887ஆம் ஆண்டு ஆஸ்கார் வைல்டு எழுதிய நகைச்சுவைக் கதை ‘கேன்டர்வில் பேய்’.

இங்கிலாந்தின் பழைய மாளிகை ஒன்றை அமெரிக்கத் தூதர் ஓட்டிஸ் விலைக்கு வாங்குகிறார். அங்கு முந்நூறு ஆண்டுகளாக உலவி வருகிறது சர் சைமனின் ஆவி. நள்ளிரவில் சங்கிலி ஒலிக்க அது நடந்துவர, ஓட்டிஸ் அலறவில்லை. சங்கிலிக்கு இடுமாறு எண்ணெய்ப் புட்டியை நீட்டுகிறார்! இரட்டைச் சிறுவர்களோ தலையணையை வீசுகின்றனர். நூலகத் தரையிலுள்ள குருதிக்கறையை மூத்த மகன் கறைநீக்கியால் துடைக்கத் துடைக்க, ஆவி அதனை மீண்டும் தீட்டுகிறது. வண்ணமோ, அவ்வீட்டு மகள் வர்ஜீனியாவின் பெட்டியிலிருந்து திருடியது. சிவப்பு தீர்ந்துபோக, ஒருநாள் கறை மரகதப் பச்சையாகிறது. பாவம், அந்த ஆவிக்கும் தொழிற்பெருமை உண்டன்றோ!

சர் சைமன் குற்றமற்றவன் அல்லன், மனைவியைக் கொன்றவன். அதனை வைல்டு மறைக்கவில்லை. வர்ஜீனியாவும் அவனைக் கடிந்தே பேசுகிறாள். ஆயினும், மனைவியின் உடன்பிறந்தார் தன்னைப் பட்டினியிட்டுக் கொன்றதாக அவன் கூறியதும், பசிக்கிறதா என்று கேட்டுத் தன்னிடமுள்ள உணவைத் தர முன்வருகிறாள். முந்நூறு ஆண்டுகளாக உறக்கமில்லை என்று அவன் சொல்ல, அதுவரை நகைத்துவந்த கதையின் குரல் தாழ்கிறது. அவனுக்காக அவள் அழுகிறாள். அவன் அமைதி அடைகிறான்.

பின்னர், மறைவறை ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட எலும்புக்கூடு கிடைக்கிறது. அதன் விரல்கள், எட்டாத தொலைவில் வைக்கப்பட்ட தட்டையும் நீர்க்குடுவையையும் நோக்கி நீண்டிருக்கின்றன.