எந்த ராகி கூடுதலாக விளைகிறது? சராசரியை நம்பும் முன் சில குறிப்புகள்

1. பையூர் 2 விதையைப் பள்ளக் கொல்லையிலும் வீட்டு விதையை மேட்டிலும் போட்டுவிட்டு எடையை ஒப்பிடாதீர்கள். ஏரியூர்ப் பக்க மானாவாரி நிலத்தில் மழைநீர் வந்து சேரும் பள்ளம் எப்படியும் கூடுதலாகத்தான் தரும். பெயர் மட்டும் விதைக்குப் போய்விடும்.

2. ஆறு இடங்களில் இரண்டிரண்டு பாத்திகளை ஒட்டினாற்போல் போடுங்கள். எதற்கு எந்த விதை என்பதைக் காசு சுண்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். நம் கையை விட்டால் புது விதையை நல்ல மண்ணில்தான் போடும்.

3. ஓரப் பயிரை விட்டுவிட்டு நடுவில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுங்கள். காயவைத்து, அடித்து, தூற்றிய பிறகுதான் எடை.

4. ஒவ்வொரு ஜோடியிலும் புது விதையின் எடையில் வீட்டு விதையின் எடையைக் கழியுங்கள். 400, 100, 600, 300, -100, 500 கிராம் என்று வந்தால் சராசரி 300. இன்னொரு கொல்லையில் 1200, -500, 900, -300, 800, -300 வந்தாலும் அதே 300தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தை 6இன் வர்க்கமூலத்தால் வகுத்து, வரும் விடையால் 300ஐ வகுங்கள். முதல் கொல்லைக்கு 2.82, இரண்டாவதற்கு ஏறக்குறைய 1. ஆறு ஜோடிக்கு 2.57ஐத் தாண்ட வேண்டும். முதலாவது தேறியது, இரண்டாவதில் விதையை மெச்ச இடமில்லை.

5. இந்த 'டி' சோதனையைத் தந்தவர் டப்ளின் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட். 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். கையிலிருக்கும் அளவுகள் கொஞ்சமாக இருக்கும்போது என்ன செய்வது என்பதே அவர் கவலை. நம் கவலையும் அதுதான்.

6. கணக்கு அலுப்பாக இருந்தால் கைப்பேசி எக்செலில் 'டி.டெஸ்ட்' போடுங்கள். இரண்டு எடை வரிசைகளுக்குப் பின் 2, 1 என்று கொடுங்கள். விடை 0.05க்குக் கீழே இருந்தால், விதைகளுக்குள் வேறுபாடே இல்லாதபோது இப்படி வருவது அரிது என்று பொருள்.

7. கணக்கே வேண்டாமா? ஆறு ஜோடியிலும் ஒரே விதை ஜெயித்திருக்கிறதா பாருங்கள். வெறும் தற்செயலில் அப்படி நடக்க 32இல் ஒரு வாய்ப்புதான்.

8. தேறவில்லை என்றால் இரண்டு விதையும் சமம் என்று ஆகிவிடாது. அடுத்த பட்டத்தில் ஜோடிகளைக் கூட்டிப் பாருங்கள்.

9. தேறினாலும் விதை விலையைப் பாருங்கள். பாத்திக்கு 300 கிராம் என்றால் ஏக்கருக்குச் சுமார் 49 கிலோ. அந்த ராகியை விற்றால் கூடுதல் விதைச் செலவு கட்டுமா?