திண்ணையில் விடப்படும் பார்சல்கள்

முகப்பு ஒரு வீதியிலும் பின்வாசல் மறு வீதியிலுமாக நீண்டு கிடக்கும் காரைக்குடிப் பக்கத்து வீடுகளில், தபால்காரர் அழைக்கும் குரல் உள்கட்டை எட்டுமுன்பே பார்சல் திண்ணையில் வைக்கப்பட்டுக் காணாமற்போவது சாத்தியமாதலால், எந்த வீதி வாசல் என்பதையும் கைபேசி எண்ணையும் விலாசத்தில் தெளிவாக எழுதச் செய்வது அவசியம்.

அதனினும் உத்தமமானது, 2025 அக்டோபர் முதல் ஸ்பீடு போஸ்டில் வந்திருக்கும் வசதி: அனுப்புவோர் 5 ரூபாயும் வரியும் கூடுதலாகச் செலுத்தினால், பெறுபவர் தம் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யைச் சொன்ன பின்னரே பொருள் ஒப்படைக்கப்படும்.

வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்களில், நம்பிக்கையான ஒருவரைப் பெற்றுக்கொள்ள நியமித்து அஞ்சலகத்தில் எழுத்துமூலம் தெரிவித்துவிடுங்கள்.

கைக்கு வராத பார்சல் பட்டுவாடா ஆனதாகப் பதிவாகியிருந்தால், ரசீதிலுள்ள எண்ணுடன் அஞ்சல் துறையின் 1800 266 6868-இல் அன்றைக்கே முறையிட்டு, யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று விசாரியுங்கள்.