கல்லும் சீட்டும்

அரிய கனிமங்களைத் திரட்டிக் காத்தல் சிறந்ததொரு கல்வி முயற்சியாகும். ஒளிரும் நிறமும் ஒழுங்கான படிக வடிவும் உடைய கல்லைக் கண்டால் எவருக்கும் அதன்பால் விருப்பம் எழும். ஆயினும், கனிம நூல் வல்லார் கல்லோடு அதனருகில் உள்ள சிறு சீட்டையும் கருத்தூன்றி நோக்குவர். அக் கல் எவ்வூரில், எச் சுரங்கத்தில், எந்நாளில், எவரால் எடுக்கப்பட்டது என்பதை அச் சீட்டே கூறும். அக் குறிப்பின் துணைகொண்டே நிலத்தினுள் அக் கனிமம் தோன்றிய வகையை ஆராய்வர். சீட்டை இழந்த கல், கண்ணுக்கு இனியதாயினும், ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படாது.

இங்கிலாந்தில் சர் ஆர்தர் ரசல் என்னும் பெரியார் 1878-ஆம் ஆண்டில் பிறந்தார். இளமை தொட்டே கனிமங்களில் வேட்கை கொண்ட அவர், பிரிட்டன் நாட்டுச் சுரங்கங்கள் பலவற்றிற்கும் நேரிற் சென்று கற்களைத் திரட்டினார். அவை கிடைத்த இடத்தையும் செவ்வையாகக் குறித்து வைத்தார். அச் சுரங்கங்களுள் பல பின்னர் மூடப்பட்டன. இனி எவரும் புகவியலாத அவ்விடங்களுக்கு அவர் காத்த கற்களே சான்றாக நிற்கின்றன. 1964-இல் அவர் மறைந்தபின், 12,000-க்கும் மேற்பட்ட அக் கற்கள் இலண்டன் இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சிச்சாலையை அடைந்தன.

அக் காலத்திலேயே ஆர்தர் கிங்ஸ்பரி என்பவரும் வாழ்ந்தார். கனிமங்களை இனங்காண்பதில் அவர் மிக்க திறமை உடையவர். பிரிட்டனில் அதுவரை அறியப்படாத கனிமங்கள் பலவற்றைத் தாம் கண்டெடுத்ததாக அவர் அறிவித்தார். அறிஞர் அதனை நம்பினர். நூல்களிலும் அச் செய்தி இடம்பெற்றது. 1968-இல் அவர் இறந்தார். அவர் திரட்டிய கற்களும் அப் பொருட்காட்சிச்சாலையையே அடைந்தன. பின்வந்தோர் அவர் குறித்த இடங்களில் தேடியும் அக் கனிமங்கள் பல அகப்படவில்லை. ஐயுற்ற ஜார்ஜ் ரைபாக் முதலிய அறிஞர், அவர் கற்களைப் பிறர் திரட்டிய கற்களோடு ஒப்புநோக்கி ஆராய்ந்தனர். வேற்றிடத்துக் கற்களுக்குப் பொய்யான இடப்பெயரை அவர் எழுதி வைத்திருந்தார் என்பதை 1998 முதல் கட்டுரைகளாக வெளியிட்டனர். அதனால், அவர் மெய்யாகவே கண்டெடுத்த கற்களும் ஐயத்திற்கு உரியவாயின. அவர் பேரறிவும் அவருக்குத் துணை செய்யவில்லை.

இவ்விருவர் கற்களும் ஒரே மாளிகையில் உள்ளன. ஒருவர் சீட்டு நம்பத்தக்கது. மற்றவர் சீட்டு நம்பத்தகாதது. மதிப்பில் இவற்றைப் பிரித்தது கல்லன்று; எழுதியவர் வாய்மையே.

ஆதலின், ஆற்றங்கரையில் ஒரு கல்லை எடுக்கும் மாணவரும், எடுத்த இடத்தையும் நாளையும் அப்பொழுதே எழுதி வைத்தல் வேண்டும். இடம் மறந்துபோயின், ஊகித்து எழுதுதலாகாது; சீட்டில் அவ்விடத்தை வெறுமையாக விடுதலே நேர்மையாகும்.