கோப்புக்குள் குடியிருக்கும் சர்வர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகம், வாடிக்கையாளர் ஆவணங்களுக்காக வெப் அப்ளிகேஷன் ஒன்று எழுதி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுதியவர் கொண்டுவருவது ஒரே ஒரு ஜார் கோப்பு. ஒரு வரி கமாண்ட் தட்டினால் ஓடத் தொடங்குகிறது. தனியாக சர்வர் எதுவும் நிறுவவில்லை. அது கோப்புக்குள்ளேயே இருக்கிறது. இதுதான் எம்பெடட் சர்வர்.

நம்பிக்கை: இது சோதித்துப் பார்க்கத்தான் உதவும்.

உண்மை: பிஎச்பியோடும் ஜாங்கோவோடும் வரும் சோதனை சர்வர்களுக்கு இது பொருந்தும், நிஜப் பயன்பாட்டுக்கு வேண்டாம் என்று அவற்றின் கையேடுகளே எச்சரிக்கின்றன. 2014-ல் வெளியான, இத்தகைய ஜார் கோப்புகளை உருவாக்கும் ஜாவா கட்டமைப்பான ஸ்பிரிங் பூட்டின் கதை வேறு. அதற்குள் இருப்பது, தனியாக நிறுவினால் கிடைக்கும் அதே டாம்கேட் சர்வர். சென்னையில் வளர்ந்த ஸோஹோவின் மேனேஜ்எஞ்சின் மென்பொருள்களிலும் இதையொத்த வழக்கம் உண்டு. அவற்றில் ஒன்றான சர்வீஸ்டெஸ்க் பிளஸை அலுவலகக் கணினியில் நிறுவினால் டாம்கேட்டும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் கூடவே வந்து இறங்கும்.

நம்பிக்கை: எல்லாம் தானாக அமைந்துவிடும், கான்ஃபிகரேஷனில் கை வைக்க வேண்டாம்.

உண்மை: ஸ்பிரிங் பூட் எடுத்துக்கொள்ளும் போர்ட் 8080. சர்வீஸ்டெஸ்க் பிளஸும் அதையே கேட்கும். இரண்டும் ஒரே கணினியில் இருந்தால், பின்னால் வருவது கிளம்பாது. ஸ்பிரிங் பூட்டின் செட்டிங்ஸ் கோப்பில் போர்ட்டை 8081 என்று மாற்றினால் தீர்ந்தது.

நம்பிக்கை: கூட்டம் கூடினால் த்ரெட் எண்ணிக்கையை ஏற்றினால் போதும்.

உண்மை: பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். டாம்கேட் தானாக அனுமதிப்பது 200 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் 200 கோரிக்கைகளைக் கவனிக்கும். ஆனால் ஸ்பிரிங் பூட் பயன்படுத்தும், தரவுத்தள இணைப்புகளை நிர்வகிக்கும் ஹிக்காரி, தரவுத்தளத்துக்குத் திறந்து வைப்பது 10 இணைப்புகள். ஜூலை கடைசியில், வருமான வரிக் கணக்கு நெருக்கடியில் 200 பேர் ஒரே நேரத்தில் நுழைந்தால், 10 பேருக்கு வழி கிடைக்கும்; மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். 30 விநாடிக்குள் இணைப்பு கிடைக்காதவர்களுக்குப் பிழைச் செய்தி வரும். த்ரெட்டை 400 ஆக்கினால் வரிசைதான் நீளும். முதலில் பார்க்க வேண்டியவை மெதுவாக ஓடும் குவெரிகளும் இணைப்பு எண்ணிக்கையும்.

நம்பிக்கை: ஆபரேட்டிங் சிஸ்டத்தை அப்டேட் செய்தால் சர்வரும் அப்டேட் ஆகிவிடும்.

உண்மை: ஆகாது. ஜாருக்குள் இருக்கும் டாம்கேட்டை வெளியே நடக்கும் எந்த அப்டேட்டும் தொடாது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, உலகம் முழுவதும் பொறியாளர்கள் ஜார் ஜாராகத் திறந்து அந்த நூலகத்தைத் தேடியது இதனால்தான். ஸ்பிரிங் பூட் பதிப்பை உயர்த்தி, ஜாரைப் புதிதாகக் கட்டி, பழையதை நிறுத்திவிட்டு மீண்டும் ஏற்ற வேண்டும். ஆடிட்டர் அலுவலகம் போடும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இந்த வேலையும் ஒரு வரியாக இடம்பெற வேண்டும்.