கோயில் வெடிக்கு அம்மா ஏன் நடுங்குகிறார்?

கேள்வி: டொக்டர், 1995 போர்க்கால இடப்பெயர்வில் கைக்குழந்தையாக இருந்த என்னைத் தூக்கிக்கொண்டு அம்மா நாவற்குழிப் பாலம் தாண்டிச் சாவகச்சேரிக்குப் போனவர். போன மாதம் பக்கத்துக் கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினார்கள். சோற்றுப்பானையை இறக்கிக்கொண்டிருந்த அம்மா அதை அப்படியே போட்டுவிட்டு, என் மகளை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டார். அன்றிரவு முழுக்க நித்திரையில்லை. அயலில் 'விசர்' என்கிறார்கள். சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் ஏன் இப்படி? மூளையில் ஏதும் பழுதா?

— வாசகி, சுன்னாகம்

பதில்: அன்பான சகோதரி, அம்மாவுக்கு விசர் இல்லை. அவர் தனியே ஓடவில்லை, பேத்தியையும் இழுத்துக்கொண்டுதான் போனார். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டு இலட்சக்கணக்கானோர் மழையில் நடந்தபோது உங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்ட அதே மூளைதான் திருவிழாவன்றும் வேலை செய்திருக்கிறது.

மூளையின் உள்ளே பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்றொரு பகுதி உண்டு. ஆபத்தை மணந்து பிடிப்பது அதன் வேலை. 'இது ஷெல்லா, வெடியா' என்று அறிவு யோசித்து முடிப்பதற்குள் அது உடம்பை எழுப்பிவிடும். அட்ரினலின் பாயும், நெஞ்சு அடிக்கும், கால் ஓடும். ஷெல் கூவும் சத்தத்துக்கும் விழுவதற்கும் இடையில் சில விநாடிகள்தான் இருந்த காலம் அது. அப்போது நின்று யோசிக்காமல் பங்கருக்குள் பாய்ந்தவர்கள் பிழைத்தார்கள். அம்மாவின் மூளை அந்தப் பாடத்தை நன்றாகப் படித்துவிட்டது.

சிக்கல் இன்னோர் இடத்தில். நடந்ததற்கு நாளும் இடமும் குறித்து வைப்பது ஹிப்போகம்பஸ் என்ற பகுதி. கடும் பயத்தில் அது தன் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. சத்தமும் மணமும் துண்டு துண்டாகப் பதியும், 'இது பழசு' என்ற குறிப்பு மட்டும் விடுபட்டுப்போகும். ஆகவே வெடி கேட்டதும் அம்மாவுக்கு 1995 நினைவாக வருவதில்லை, இப்போது நடப்பதாகவே வருகிறது. நெருக்கடி வருடக்கணக்கில் நீண்டால் கோர்ட்டிசோல் என்ற நெருக்கடி ஹோர்மோனின் சுரப்பும் குழம்பும். நெற்றிக்குப் பின்னாலிருந்து அமிக்டலாவை அடக்கும் பகுதியின் பிடியும் தளரும். நித்திரை குலைவது இதனால்தான்.

இந்தப் பாதிப்பை யாழ்ப்பாணத்தில் மனவடு என்கிறோம். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலேயே இங்கு நோயாளரைப் பார்த்து, 1998இல் இதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். மனவடு பலருக்குத் தலையிடியாகவும் நெஞ்சுப் படபடப்பாகவும்தான் வெளிப்படும். அம்மாவுக்கும் அப்படி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

மூளை பழைய பயத்தை அழிப்பதில்லை. அதன் பக்கத்தில் புதிய பாடமொன்றைப் படிக்கும், அதற்குத் திரும்பத் திரும்பப் பாதுகாப்பு வேண்டும். அடுத்த முறை அவரைக் கட்டிலின் கீழிருந்து இழுக்காதீர்கள். நீங்களும் கீழே குந்துங்கள். "அம்மா, இது கோயில் வெடி. நாங்கள் வீட்டில்தான் இருக்கிறம்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். கையைத் தரையில் வைத்து, மூச்சை நீளமாக வெளியே விடச் சொல்லுங்கள். பேத்திக்கும் விளக்குங்கள், அவளும் பயந்திருப்பாள். "மறவுங்கோ" என்று சொல்லாதீர்கள், கதையைச் சொல்லும்படி வற்புறுத்தவும் வேண்டாம். அவராகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

நித்திரைக் குளிசையை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள், அது பழக்கமாகிவிடும். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் யாழ். போதனா வைத்தியசாலையிலும் மனநலச் சிகிச்சை இலவசம். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். உளவளத்துணையாலும், தேவைப்பட்டால் மருந்தாலும் இது குணப்படும். முப்பது வருடம் கழிந்தாலும் பிந்திவிடவில்லை.

எதிர்பார்த்த சத்தம் இவ்வளவு பதற வைக்காது. அதனால் கோயில் பரிபாலன சபையினரிடம் ஒரு வேண்டுகோள்: வெடி கொளுத்தும் நேரத்தை ஒலிபெருக்கியில் முன்கூட்டியே அறிவியுங்கள். உங்கள் அயலில் இப்படி இன்னும் பல அம்மாமார் இருக்கிறார்கள்.